கேப்சூல் காபி மெஷின்: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

துபாய், சவூதி, சிங்கப்பூர், மலேசியா என்று சபரில் இருக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊர் வரும்போது கொண்டு வரும் பொருட்களில் கேப்சூல் காபி மெஷினும் இப்போது இடம் பிடித்துவிட்டது. கூடவே பாலை நுரைக்கச் செய்யும் ஃபிராதர் ஜக் ஒன்றும் வரும். முதல் வாரம் வீடே கூடி நின்று குடிக்கும். பிள்ளை திரும்பிப் போன சில நாட்களில் கேப்சூல் தீர்ந்துவிடும். "இன்னும் அனுப்பி வை" என்று கேட்க உம்மாவுக்கு மனம் வராது. மெஷின் துணி போர்த்தப்பட்டு ஷோகேஸுக்குப் போய்விடும். நல்ல விலை கொடுத்து வாங்கிய பொருள் இப்படி முடங்கக் காரணம், அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று முன்கூட்டியே யாரும் சொல்லாததுதான். அதையே இங்கு எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இந்த மெஷின் நம் வீட்டுப் பால் காபியைப் போட்டுத் தருவதில்லை. அது இறக்குவது டிகாஷன் மட்டுமே. மூடி போட்ட சிறு கிண்ணம் போன்ற கேப்சூலுக்குள் ஏறத்தாழ 5 கிராம் காபித்தூள் காற்றுப்படாமல் அடைக்கப்பட்டிருக்கும். கைப்பிடியை அழுத்தி மூடும்போது ஊசிகள் அதன் ஒரு பக்கத்தைத் துளைக்கும். பம்ப் சூடான நீரை மிகுந்த அழுத்தத்தோடு உள்ளே செலுத்தும். நெஸ்பிரஸ்ஸோ மெஷின்களில் இந்தப் பம்பின் அளவு 19 பார் என்று குறிக்கப்பட்டிருக்கும். பில்டரில் சொட்டுச் சொட்டாக இறங்க அரை மணி நேரம் ஆவது, இங்கே அரை நிமிடத்தில் இறங்கிவிடுகிறது. மேலே பொன்னிறத்தில் மிதக்கும் மெல்லிய நுரைப்படலம் அந்த அழுத்தத்தால் வருவது. பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சுவிட்சர்லாந்தின் நெஸ்லே நிறுவனத்தில் பணியாற்றிய எரிக் ஃபாவ்ர் என்ற பொறியாளரின் யோசனை இது. காப்புரிமை 1976இல் பதிவானது. நெஸ்பிரஸ்ஸோ தனி நிறுவனமானது 1986இல். பெயர்கள் இத்தாலிய மொழியில் இருந்தாலும் பொருளின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டு சூஃபிகள் இரவு வணக்கங்களுக்காக விழித்திருக்க அருந்திய 'கஹ்வா'தான் துருக்கியில் 'கஹ்வே' ஆகி, இத்தாலியில் 'கஃபே' ஆகி, நம்மிடம் காபியாக வந்து சேர்ந்தது. இன்று சாக்லேட் கலந்த காபிக்கு 'மோக்கா' என்று பெயர் சொல்கிறார்களே, அது யமனின் அல்-மகா துறைமுகத்தின் பெயர். அங்கிருந்து கப்பலேறிய காபியில் சாக்லேட் எதுவும் இருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

எந்த கேப்சூல் எந்த மெஷினுக்கு?

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். கேப்சூல் எல்லாம் ஒன்றல்ல. நெஸ்பிரஸ்ஸோவிலேயே இரண்டு வகை உண்டு. 'ஒரிஜினல்' வகையின் கேப்சூல் சிறிய கிண்ணம் போல இருக்கும். 2014இல் வந்த 'வெர்ச்சுவோ' வகையின் கேப்சூல் குடை போல விரிந்திருக்கும். அந்த மெஷின் கேப்சூலின் விளிம்பில் உள்ள பார்கோடைப் படித்து, அதை வேகமாகச் சுழற்றிக் காபி இறக்கும். ஒன்றின் கேப்சூல் மற்றதில் பொருந்தாது. அதே நெஸ்லேயின் 'டோல்சே குஸ்டோ' முற்றிலும் வேறு. லவாஸா போன்றவர்களின் மெஷின்களுக்கும் தனித்தனிக் கேப்சூல்கள் உண்டு.

இன்னும் வாங்கவில்லை என்றால் நம் ஆலோசனை ஒரிஜினல் வகைதான். அதன் பழைய காப்புரிமைகள் காலாவதியாகிவிட்டதால் வேறு பல நிறுவனங்களும் அதற்குப் பொருந்தும் கேப்சூல் செய்கின்றன; விலையும் குறைவாகக் கிடைக்கிறது. வெர்ச்சுவோவுக்கு அந்த வசதி குறைவு. ஊரில் இருந்தபடியே கேப்சூல் வாங்க முடியுமா என்று பார்த்துவிட்டு மெஷின் வாங்குவதே முறை.

ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பாருங்கள். வீட்டில் நான்கு பேர் காலையும் மாலையும் குடித்தால் ஒரு நாளைக்கு 8 கேப்சூல், மாதத்துக்கு 240. பெட்டிக்கு 10 என்றால் மாதம் 24 பெட்டிகள். இவற்றில் இருக்கும் மொத்தக் காபித்தூள் 1 கிலோ 200 கிராம் மட்டுமே. அந்தக் கேப்சூல்களின் விலையையும் உங்கள் ஊர்க் கடையில் அதே எடைத் தூளின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஆகவே பெரிய குடும்பத்துக்கு இது பில்டருக்கு மாற்றல்ல. ஒருவரோ இருவரோ உள்ள வீட்டுக்கும், அதிகாலையில் தனியாக எழுபவருக்கும் பொருத்தமானது. விருந்தாளிகள் எட்டுப் பேர் ஒன்றாக வந்து உட்கார்ந்தால் பித்தளை பில்டரே கைகொடுக்கும்.

ஹலால் பற்றிக் கேட்பவர்களுக்கு: வெறும் காபித்தூள் உள்ள கேப்சூலில் ஐயத்துக்கு இடமில்லை. வெனிலா, கேரமல் என்று வாசனை சேர்த்தவையும், டோல்சே குஸ்டோவில் வரும் பால்பொடிக் கேப்சூல்களும் வேறு சேர்மானங்கள் கொண்டவை. அவற்றில் பெட்டியின் பின்புறத்தைப் படித்து வாங்குங்கள். பால்பொடி வகைகள் பலவற்றில் சர்க்கரையும் உண்டு; நீரிழிவு உள்ளவர்கள் கவனிக்க வேண்டும்.

பிளக்கும் முதல் நாளும்

வளைகுடா நாடுகள், சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் மெஷின்களின் மின்னழுத்தம் நமக்குப் பொருந்தும். ஆனால் பிளக் மூன்று சதுர முனை கொண்டது. இதற்கு ஐம்பது ரூபாய் பயண அடாப்டரைச் செருகிவிடாதீர்கள். இந்த மெஷின்கள் ஏறத்தாழ 1200 முதல் 1500 வாட் வரை இழுப்பவை. மிக்சிக்குப் போடும் சிறிய சாக்கெட்டில் அடாப்டர் சூடாகி உருகும் ஆபத்து உண்டு. எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, கிரைண்டருக்கும் கீசருக்கும் போடுகிறோமே அந்தப் பவர் பிளக்கை மாட்டச் செய்யுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் அது 120 வோல்ட். இங்கே நேரடியாகச் செருகினால் அன்றோடு முடிந்தது.

முதல் நாள் கேப்சூல் போடாமல் வெறும் தண்ணீரை இரண்டு மூன்று முறை ஓடவிட்டுக் கழுவ வேண்டும். அதன் பிறகும் தினமும் முதல் காபிக்கு முன் ஒருமுறை வெறும் வெந்நீரைக் கோப்பைக்குள் இறக்கிக் கொட்டிவிட்டால் குழாயும் சுத்தமாகும், கோப்பையும் சூடேறும்.

"தண்ணியா இருக்கே" என்ற குறை

நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்லும் முதல் குறை இது. அதில் உண்மையும் இருக்கிறது. மெஷினில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். சிறிய கோப்பை 40 மில்லி, பெரிய கோப்பை 110 மில்லி. நாம் டம்ளர் நிறையக் குடித்துப் பழகியதால் பெரிய பொத்தானை அழுத்திவிடுகிறோம். ஐந்து கிராம் தூளில் நல்லதெல்லாம் முதல் 40 மில்லியிலேயே இறங்கிவிடும். அதற்கு மேல் ஓடும் நீர் கசப்பைத்தான் கொண்டு வரும். 'லுங்கோ' என்று எழுதிய கேப்சூலுக்கு மட்டுமே பெரிய பொத்தான். பாலில்லாமல் நிறையக் குடிக்க வேண்டுமானால் 40 மில்லி இறக்கிவிட்டு, தனியாக வெந்நீர் சேருங்கள். அந்த 40ஐயும் குறைக்கலாம்: பொத்தானைத் தொடர்ந்து அழுத்திப் பிடித்து, வேண்டிய அளவு வந்ததும் விட்டால் மெஷின் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். பால் காபிக்கு 25 முதல் 30 மில்லி நல்ல கெட்டி.

இன்னொரு காரணம் சிக்கரி. நம் பில்டர் தூள் பலவற்றில் சிக்கரி கலந்திருக்கிறது. கறுப்பு நிறமும் கொழகொழப்பும் அதனால் வருபவை. கேப்சூலில் சிக்கரி கிடையாது. எனவே எந்தப் பொத்தானை அழுத்தினாலும் உம்மாவின் டிகாஷன் இதில் வராது. கெட்டியாக வேண்டுவோர் பெட்டியில் வீரிய எண் 10க்கு மேல் போட்டிருப்பதை வாங்கிப் பார்க்கலாம். அப்போதும் ஒரு கேப்சூலுக்கு 100 மில்லி பாலுக்கு மேல் ஊற்றினால் காபி பாலில் கரைந்து காணாமல் போகும். பெரிய டம்ளருக்கு இரண்டு கேப்சூல் வேண்டும்; செலவும் இரட்டிப்பு.

பாலில்தான் சூட்சுமம்

ஃபிராதர் ஜக்கின் உள்ளே இரண்டு கோடுகள் இருக்கும். நெஸ்பிரஸ்ஸோவின் 'ஏரோசினோ 3' ஜக்கில் நுரைக்க வேண்டுமானால் 120 மில்லி, சூடு மட்டும் பண்ண 240 மில்லி. நுரைக்கும்போது பால் பொங்கி ஏறும் என்பதால்தான் கீழ்க்கோடு. அதைத் தாண்டினால் மேசையெல்லாம் பால். சுழலும் கம்பியில் சுருள் வளையம் மாட்டியிருந்தால் நுரை வரும், கழற்றிவிட்டால் சூடு மட்டும். கழுவும்போது இந்தச் சிறு வளையம் சிங்க் ஓட்டையில் போய்விடும்; கவனம். பொத்தானை ஒருமுறை தட்டினால் சூடான நுரை, சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் குளிர்ந்த நுரை.

பால் ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த குளிர்ந்த பாலாக இருக்க வேண்டும். நுரையைத் தாங்குவது பாலிலுள்ள புரதம். மெல்ல மெல்லச் சூடேறும்போது காற்றைப் பிடித்துக்கொள்ள அதற்கு நேரம் கிடைக்கிறது. அடுப்பில் இருந்து இறக்கிய சூடான பாலை ஊற்றினால் ஜக் சில நொடிகளில் நின்றுவிடும், நுரையும் வராது. காய்ச்சித்தான் பயன்படுத்துவோம் என்றால் காய்ச்சி, ஆறவைத்து, ஃபிரிட்ஜில் குளிரவைத்து, ஆடையை வடிகட்டிவிட்டு ஊற்றுங்கள். ஆடைத் துண்டுகள் கம்பியில் சுற்றிக்கொண்டால் நுரை எழாது. ஆவின் நீலப் பாக்கெட் போன்ற 3 சதவீதக் கொழுப்புள்ள பால் இதற்குப் போதும். கெட்டியான எருமைப் பாலில் சுவை கூடும், நுரை குறையும். வீட்டில் அரைத்த பாதாம் பால் நுரைக்காது.

பாலோடு சர்க்கரை போட்டுக் காய்ச்சும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஜக்கில் அது கூடாது. சர்க்கரையும் ஹார்லிக்ஸும் ஏலப்பொடியும் அடியில் ஒட்டிக் கருகும், பூச்சு கெட்டுவிடும். இனிப்பைக் கோப்பையில்தான் சேர்க்க வேண்டும். முதலில் பாலை ஊற்றி ஜக்கைத் தட்டிவிட்டு, அது ஓடும் ஒன்றே கால் நிமிடத்துக்குள் கேப்சூலைப் போட்டுக் காபியை இறக்கினால் இரண்டும் ஒன்றாகத் தயாராகும்.

"சூடு பத்தவில்லை" என்பது அடுத்த குறை. ஜக் பாலை ஏறத்தாழ 60, 65 டிகிரி வரைதான் சூடாக்கும். அதற்கு மேல் போனால் நுரை உடையும். ஆற்றிக் குடிக்கும் கொதிநிலைக் காபி இதில் வராது. கோப்பையை முன்பே சூடாக்குவது ஒன்றே வழி. வாப்பாவுக்கு அப்படியே வேண்டுமென்றால் பாலை அடுப்பில் காய்ச்சி, கேப்சூல் டிகாஷனை அதில் ஊற்றிக் கொடுங்கள். நுரை இல்லாவிட்டால் என்ன, அவர் கேட்பது சூடுதானே.

உப்புத் தண்ணீரும் பராமரிப்பும்

மெஷினைக் கொல்வது உப்பு. நம் கடலோர ஊர்களின் போர்வெல் தண்ணீரை ஊற்றினால் கெட்டிலின் அடியில் படிவது போலவே குழாய்க்குள் வெள்ளையாகப் படியும். காபி வர நேரமாகும், சூடு குறையும், சத்தம் கூடும், கடைசியில் அடைத்துக்கொள்ளும். வடிகட்டிய நீரோ கேன் தண்ணீரோ மட்டும் ஊற்றுங்கள். தொட்டியில் மிச்சம் இருப்பதைத் தினமும் மாற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அல்லது 300 கேப்சூல் அளவில், உப்பு நீக்கும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து மெஷின் வழியே ஓடவிட்டு, பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு முறை கழுவ வேண்டும். அந்த நிலைக்கு எந்தப் பொத்தான் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள். வினிகர் ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. உள்ளிருக்கும் ரப்பர் வளையங்களை அது கெடுக்கும், வேண்டாம்.

தண்ணீர் வராமல் பம்ப் மட்டும் இரைந்தால் பெரும்பாலும் உள்ளே காற்று அடைத்திருக்கும். தொட்டியை நிரப்பி, கேப்சூல் இல்லாமல் பெரிய பொத்தானை இரண்டு மூன்று முறை அழுத்தினால் சரியாகும். காபி கோப்பைக்கு வராமல் கீழ்த் தட்டில் நிறைந்தால் கேப்சூல் சரியாகத் துளைக்கப்படவில்லை என்று பொருள். நசுங்கிய கேப்சூலும் மலிவான சில மாற்றுக் கேப்சூலும் இப்படிச் செய்யும்.

ஜக்கைப் பால் ஊற்றிய கையோடு கழுவிவிடுங்கள். மென்மையான பஞ்சு போதும். கம்பி நார் பட்டால் பூச்சு உரியும். மின்சாரம் ஏறும் அடித்தட்டைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது.

எத்தனை கோப்பை?

ஒரு சாதாரணக் கேப்சூலில் ஏறத்தாழ 60 மில்லிகிராம் காஃபீன் இருக்கும். வீரியம் கூடியவற்றில் அதற்கு மேலும் உண்டு. ஆரோக்கியமான பெரியவருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம், கர்ப்பிணிகளுக்கு 200 என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பின் வரம்பு. நாம் குடிக்கும் டீயும் இந்தக் கணக்கில் சேரும். பொத்தானைத் தட்டினால் காபி என்றாகும்போது எண்ணிக்கை தானாக ஏறும். தினம் ஐந்தாறு குடிப்பவர்களுக்கு நோன்பின் முதல் நாட்களில் பிற்பகலில் மண்டையைப் பிளக்கும் தலைவலி வருவது இதனால்தான். ஷஃபான் மாதத்திலேயே ஒவ்வொன்றாகக் குறைத்துவந்தால் அந்தத் தொல்லை குறையும்.

பயன்படுத்திய கேப்சூல்களை மெஷினின் பெட்டியில் நாட்கணக்கில் விடாதீர்கள்; நம் வெக்கையில் இரண்டு நாளில் பூஞ்சை பூக்கும். அலுமினியக் கேப்சூலின் மூடியைக் கிழித்து, தூளைச் செடிகளின் மண்ணில் கலந்துவிடலாம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் 2016இல் அரசு அலுவலகங்களில் கேப்சூல் காபி வாங்குவதையே இந்தக் குப்பைக்காக நிறுத்தியது. கழுவிய அலுமினியக் கிண்ணங்களை ஒரு சாக்கில் சேர்த்து வையுங்கள். பழைய பாத்திரத்தோடு சேர்த்துப் போட்டால் அலுமினியம் எடுப்பவர் எடுத்துக்கொள்வார்.