தோட்டத்தின் பெயரைச் சுமந்தவர்

1986ஆம் ஆண்டில் அம்ரம் நோவாக் என்னும் அமெரிக்க நெறியாளர் ஒரு விவரணப் படம் எடுத்தார். அதன் நாயகன் எண்பது வயதைத் தாண்டிய ஒரு முதியவர். போலந்தில் பிறந்து, 1935இல் நியூயோர்க்கில் குடியேறி, இறுதிவரை தமது தாய்மொழியான யித்திஷிலேயே எழுதிய ஐசக் பஷேவிஸ் சிங்கர்தான் அவர். படத்தில் பெரிய சம்பவம் எதுவும் இல்லை. கிழவர் நடக்கிறார், பேசுகிறார், தாம் வந்திறங்கிய காலத்தை நினைத்துப் பார்க்கிறார். அவ்வளவுதான். ஆனால் 1991இல் அவர் மறைந்த பிறகும் அந்த நடையும் குரலும் உலகத்துக்கு மிஞ்சியிருக்கின்றன.

யித்திஷ் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வீட்டு மொழி. இரண்டாம் உலகப் போரில் கொல்லப்பட்ட சுமார் 60 இலட்சம் யூதர்களில் பெரும்பாலோர் அந்த மொழியைப் பேசியவர்கள். வாசகர்கள் மாண்டுபோன மொழியிலே ஒருவர் நியூயோர்க்கின் யித்திஷ் பத்திரிகையொன்றில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தார். 1978இல் நோபல் பரிசு கிடைத்தபோது, தமது சொற்பொழிவின் ஒரு பகுதியை அந்த மொழியிலேயே நிகழ்த்தினார்.

மொனராகலையில் இருக்கும் எனக்கும் இந்தக் கிழவருக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். அவருடைய பெயர்தான் தொடர்பு. மூத்த சகோதரரும் புகழ்பெற்ற எழுத்தாளராக இருந்தமையால், தம்மை வேறுபடுத்திக்காட்டத் தாயாரின் பெயரிலிருந்து ‘பஷேவிஸ்’ என்பதை எடுத்துக்கொண்டார் சிங்கர். இந்தச் செய்தியை அறிந்தபோது என் நினைவுக்கு வந்தவர் எங்கள் ஊவாவின் மைந்தர் ஒருவர். அவர் தம் பெயருக்கு முன்னால் சூட்டிக்கொண்டது ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெயரை. அவர்தான் தெளிவத்தை ஜோசப்.

1934இல் பதுளைக்கு அருகே ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தார். தந்தையார் தோட்டப் பாடசாலை ஆசிரியர். சில ஆண்டுகள் கும்பகோணத்தில் படித்துவிட்டு மீண்டும் பதுளைக்கு வந்தார். தெளிவத்தைத் தோட்டத்தில் தொழில் பார்த்த காலத்தில் எழுத ஆரம்பித்தார். ‘வீரகேசரி’யோடு சேர்ந்து மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் நடத்திய சிறுகதைப் போட்டிகள் அறுபதுகளில் ஒரு புதிய தலைமுறையை உருவாக்கின. அந்தப் பரிசுக் கதைகள் 1971இல் ‘கதைக்கனிகள்’ என்று நூலாயின. அந்தத் தலைமுறையின் முன்வரிசையில் ஜோசப் நின்றார். ‘காலங்கள் சாவதில்லை’ என்ற நாவல் 1974இலும், ‘நாமிருக்கும் நாடே’ என்ற சிறுகதைத் தொகுதி 1979இலும் வெளிவந்தன. இடையில் 1975இல் வெளியான ‘புதிய காற்று’ திரைப்படத்திலும் அவருடைய எழுத்து இருந்தது.

ஜோசப் கடல் கடந்து வந்து குடியேறியவர் அல்லர். இந்த மண்ணிலே பிறந்தவர். அந்த வரிசையில் முதலில் வைக்க வேண்டியவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூரிலிருந்து வந்து, பத்திரிகை நடத்தி, தொழிற்சங்கம் கட்டி, 1947இல் மறைந்தவர் அவர். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளர் கூட்டங்களில் பாட்டுப் பாடி மக்களைத் தட்டியெழுப்பியவர். ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தவர் யார், பிறந்தவர் யார் என்று பார்க்கவில்லை. லயத்திலே பிறந்து லயத்திலே வளர்ந்தவர்களையும் ஒரே நாளில் அந்நியராக்கிற்று. ‘நாமிருக்கும் நாடே’ என்று ஒரு மலையக எழுத்தாளர் தலைப்பிடும்போது, பாரதியின் பெருமிதம் அங்கே ஒரு கேள்வியாக மாறிவிடுகிறது.

பிறகு 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. மூட்டை முடிச்சுகளோடு தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு எங்கள் சனங்கள் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. பெட்டிக்குள்ளும் அழுகை, மேடையிலும் அழுகை.

அந்தக் கோச்சியில் என் அத்தை குடும்பமும் போயிற்று. அப்பாயி மட்டும் போக மறுத்துவிட்டார். மொனராகலையில் இறப்பர்த் தோட்டமொன்றில் பால்வெட்டிய கை அது. “நான் நட்ட பலா மரம் இங்கதானேப்பா நிக்குது” என்பார். நாற்று நடும் பாட்டு, தாலாட்டு, மாரடிப் பாட்டு என்று அவரிடம் எத்தனையோ இருந்தன. எண்பதுகளின் தொடக்கத்தில் கசெட் ரெக்கோடர் ஒன்று வாங்கினேன். அப்பாயியின் பாட்டைப் பதிய வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். அடுத்த விடுமுறைக்கு, அடுத்த பொங்கலுக்கு என்று தள்ளிப்போட்டேன். அந்தக் கசெட்டில் சினிமாப் பாட்டுத்தான் பதிந்தது. அப்பாயி போய்விட்டார். இந்தக் குற்றத்தை வேறு யார் தலையிலும் நான் சுமத்த முடியாது.

ஆகவேதான் ஜோசப்பின் இன்னொரு பணி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கொழும்புக்குப் போய்க் கணக்காளராக வேலை பார்த்தபடியே, பழைய பத்திரிகைகளைத் தேடிப் புரட்டி மற்றவர்களின் கதைகளைச் சேர்த்தார். 1997இல் துரைவி பதிப்பகத்தின் மூலம் இரண்டு பெருந்தொகுதிகள் வந்தன. 2000இல் ‘மலையகச் சிறுகதை வரலாறு’ வெளியாயிற்று. தம் எழுத்தை மட்டும் கவனித்திருந்தால் இன்னும் பல நாவல்கள் எழுதியிருக்கலாம். பெயர் மறந்துபோன எழுத்தாளர்களுக்காக அந்த நேரத்தைக் கொடுத்தார். நடேசய்யரின் வாழ்க்கையைத் தேடி நூலாக்கிய சாரல்நாடனும், மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்த சி.வி. வேலுப்பிள்ளையும் அதே வழியில் நடந்தவர்கள்.

சிங்கரையும் ஜோசப்பையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க நான் வரவில்லை. யித்திஷுக்கு நேர்ந்தது மனித குலத்தின் பெருங்கொடுமை. நம் தமிழுக்கு அந்தக் கதி இல்லை, கோடிக்கணக்கானோர் பேசுகிறார்கள். ஆனால் பிரட்டுக்களம், ஆள்கட்டும் கங்காணி, பத்துச்சீட்டு என்ற சொற்களுக்குள்ளே இருக்கும் வாழ்வு எல்லாத் தமிழருக்கும் தெரிந்ததல்ல. அதைச் சொல்லத் தெரிந்தவர்களில் ஒரு பகுதியினர் கோச்சியேறிப் போனார்கள். 1977, 1981, 1983 வன்செயல்களில் அஞ்சி இடம்பெயர்ந்தவர்களும் உண்டு. மொழி இருக்கும், அந்தப் பேச்சு போய்விடும். நமக்கு நேரும் இழப்பு இதுதான்.

2013இல் ஜோசப்புக்குத் தமிழகத்தில் விஷ்ணுபுரம் விருது வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு 79 வயது. எங்கள் சனங்களை மூட்டையோடு அனுப்பிய அதே கரைக்கு, ஊவாவின் எழுத்தாளர் ஒருவர் கௌரவம் பெறப் போனார் என்று அறிந்தபோது, அத்தையை நினைத்துக்கொண்டேன். 2022 ஒக்டோபரில் ஜோசப் மறைந்தார். பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பெயரை அவருடைய நூல்களின் அட்டை இன்றும் சுமந்து நிற்கிறது.

நேயர்களே, இப்போது கசெட் தேவையில்லை. ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசி இருக்கிறது. பசறையிலோ லுணுகலையிலோ மடுல்சீமையிலோ உங்கள் வீட்டிலும் ஒரு அப்பாயி இருப்பார். அடுத்த பொங்கல் வரை காத்திருக்காதீர்கள். இன்று மாலை தேநீர் ஊற்றிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, “ஒரு பாட்டுப் பாடுங்க அப்பாயி” என்று கேளுங்கள்.