பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்: ஒரு பல் சக்கரத்தின் 800 வருடக் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

போன தவணை எங்கள் பாடசாலை விஞ்ஞானக் கழகப் பிள்ளைகள் கண்காட்சிக்காக ஒரு கார் ஓட்டும் விளையாட்டுப் பெட்டி செய்தார்கள். பலகையில் அடித்த பெட்டி, பழைய கம்ப்யூட்டர் திரை, கராஜில் கிடந்த ஒரு ஸ்டீயரிங். திரையில் கார் மோதினால் கையில் உள்ள ஸ்டீயரிங்கும் இழுக்க வேண்டும் என்பது அவர்களின் ஆசை. அதற்காக ஒரு லொறியின் வைப்பர் மோட்டரை வாங்கி வந்து, ஸ்டீயரிங் தண்டோடு போல்ட் போட்டு இறுக்கிவிட்டார்கள்.

முதல் நாளே மோட்டர் சுழன்றது. பிடித்திருந்த பிள்ளையின் மணிக்கட்டும் கூடவே திரும்பியது. அல்ஹம்துலில்லாஹ், சுளுக்கோடு போய்விட்டது. மறுநாள் ஒரு வாப்பா வந்து கேட்டார்: "சேர், படிக்க அனுப்பின பிள்ளைக்கு கேம் மெஷின் செய்யவா சொல்லிக் குடுக்கிறீங்க?"

நியாயமான கேள்வி. அன்று நாங்கள் சொன்ன பதில் எங்களுக்கே போதவில்லை. இந்தப் பதிவுதான் எங்கள் பதில்.

முதலில் தவறு எங்கே என்று பார்ப்போம். வைப்பர் மோட்டருக்குள் திருகாணி போன்ற ஒரு பல் இருக்கிறது. அது ஒரு சக்கரத்தைச் சுழற்றும். ஆனால் வெளியிலிருந்து அந்தச் சக்கரத்தை நாம் திருப்பினால் மோட்டர் அசையாது. அதனால் காற்று தள்ளினாலும் வைப்பர் எளிதில் நகராது. அதைக் கையோடு நேராக இணைத்தால், மோட்டர் விட்டுக்கொடுக்காது; கைதான் விட்டுக்கொடுக்க வேண்டும். பிள்ளைகள் இரண்டு தண்டுகளைச் சேர்க்கப் பழகியிருந்தார்கள். தேவையான நேரத்தில் விடுவிக்கும் வழியை நாங்கள் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அது எங்கள் தவறு.

இந்தப் பிரச்சினை புதியதல்ல. 1206ஆம் ஆண்டு, டைக்ரிஸ் நதிக்கரையிலுள்ள தியார்பக்கிரில், அர்துகிய மன்னர்களிடம் பணிபுரிந்த பொறியியலாளர் அல்-ஜஸரி தன் நூலை முடித்தார். 50 இயந்திரங்களை எப்படிச் செய்வது என்று படம் வரைந்து விளக்கும் நூல் அது. அதில் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்கள் ஐந்து உள்ளன.

அவற்றில் ஒன்றில் ஒரு விலங்கு வட்டமாக நடந்து சக்கரத்தைச் சுழற்றும். அந்தச் சக்கரத்தின் சுற்றளவில் ஒரு பகுதியில் மட்டும்தான் பற்கள். பற்கள் உள்ள பகுதி வரும்போது அடுத்த சக்கரத்தைப் பிடித்து, தண்ணீர் அள்ளும் அகப்பையை மேலே தூக்கும். தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். பற்கள் முடிந்ததும் பிடி விட்டுவிடும். அகப்பை தன் பாரத்தாலேயே கீழே இறங்கி மறுபடி நிரம்பும். விலங்கு நிற்கவும் வேண்டாம், திரும்பவும் வேண்டாம். பற்களில் ஒரு பகுதியை எடுத்துவிட்டதுதான் அங்கே கண்டுபிடிப்பு! ஐரோப்பாவில் இப்படிப்பட்ட சக்கரம் 1364இல் முடிந்த ஜொவானி டி டொண்டியின் வானியல் கடிகாரத்தில் வருகிறது.

இதைச் சொல்வது "எல்லாம் நாங்கள்தான் கண்டுபிடித்தோம்" என்று பெருமை பேசுவதற்கு அல்ல. அல்-ஜஸரியே தனக்கு முன்பிருந்த பனூ மூஸா சகோதரர்களையும் கிரேக்கர்களையும் குறிப்பிடுகிறார். செய்து பார்க்காத அறிவை அவர் நம்பவில்லை என்பதுதான் நமக்கு முக்கியம். மன்னர் மஹ்மூத், வுழூ செய்யும்போது பணியாள் தன் கைக்குத் தண்ணீர் ஊற்றுவதை விரும்பவில்லை. அதற்காகவும் ஒரு கருவி செய்தார். விருந்தினரை மகிழ்விக்கும் பொம்மைகளும் செய்தார். விளையாட்டுக்கும் வேலைக்கும் ஒரே பல் சக்கரம், ஒரே அளவு கவனம்.

இந்த நூலுக்கும் நம் கண்டிக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கண்டிக் கைவினைஞர்களின் கலையை ஆராய்ந்து 1908இல் பெரிய நூல் வெளியிட்டவர். அதே மனிதர் பின்னர் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றியபோது, அங்கிருந்த அல்-ஜஸரி கையெழுத்துப் பிரதியின் தாள்களைப் பற்றி 1924இல் ஒரு நூல் எழுதினார். கண்டிக் கைவினைஞரின் வேலையையும் தியார்பக்கிர் பொறியியலாளரின் வேலையையும் ஒரே மரியாதையோடு பார்த்தவர் அவர்.

இன்னும் பக்கத்தில் பார்க்க விரும்பினால் ஹந்தானைக்குப் போங்கள். 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலைதான் இன்று தேயிலை நூதனசாலை. பழைய என்ஜின்களும் ரோலர்களும் அங்கே நிற்கின்றன. அந்தக் காலத் தொழிற்சாலைகளில் மெஷினுக்கு ஒரு மோட்டர் கிடையாது. ஒரே என்ஜின் அல்லது நீர்ச்சக்கரம், கூரைக்குக் கீழே ஒரு நீண்ட தண்டைச் சுழற்றும். அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பெல்ட் இறங்கும்.

ஒரு ரோலரை மட்டும் நிறுத்த வேண்டுமானால்? மெஷின் தண்டில் இரண்டு கப்பிகள் அருகருகே இருக்கும். ஒன்று தண்டோடு இறுக்கப்பட்டது, மற்றது சும்மா சுழல்வது. நெம்புகோலால் பெல்ட்டைச் சும்மா சுழலும் கப்பிக்குத் தள்ளினால் ரோலர் நின்றுவிடும். தொழிற்சாலை ஓடிக்கொண்டே இருக்கும். கொழுந்தை மாற்றிவிட்டுத் திரும்பத் தள்ளினால் ரோலர் சுழலும். அல்-ஜஸரி பல்லை எடுத்து விடுவித்தார்; இங்கே பெல்ட்டை நகர்த்தி விடுவித்தார்கள்.

விளையாட்டு மெஷின்களும் இதே வழியில்தான் வந்தன. 1974இல் அட்டாரியின் கிரான் டிராக் 10, ஸ்டீயரிங்கோடு வந்தது. அதில் கை சொல்வதைத் திரை கேட்டது, அவ்வளவுதான். 1976இல் சேகாவின் மோட்டோகிராஸ் விளையாட்டில், இன்னொரு வாகனத்தோடு மோதினால் கைப்பிடி அதிர்ந்தது. 1989இல் அட்டாரியின் ஹார்ட் டிரைவின், மோட்டர் மூலம் ஸ்டீயரிங்கைத் திருப்பி இழுத்தது. கையை இழுக்கவும் வேண்டும், கைக்குத் தோற்கவும் வேண்டும் என்ற கேள்வி அப்படித்தான் விளையாட்டுக்கும் வந்தது.

ஹந்தானை போய் வந்த பிறகு பிள்ளைகள் போல்ட்டைக் கழற்றினார்கள். மோட்டரில் ஒரு தட்டு, ஸ்டீயரிங் தண்டில் ஒரு தட்டு, நடுவில் பழைய செருப்புத் தோல் வெட்டிய ஒரு வட்டம், அழுத்திப் பிடிக்க ஒரு ஸ்ப்ரிங்கும் நட்டும். நட்டை இறுக்கினால் பிடி கூடும், தளர்த்தினால் குறையும். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒரு கையால் நிறுத்தக்கூடிய அளவுக்கு மேல் இறுக்கக் கூடாது என்று அவர்களே ஒரு விதி எழுதி பெட்டியில் ஒட்டினார்கள். தோல் அடிக்கடி தேய்கிறது, மாற்றிக்கொள்கிறோம். காரின் கிளட்ச்சும், முதலாம் கியரில் மெல்ல விடும்போது நாம் உணர்வதும் இதுதான் என்று அவர்களாகவே கண்டுபிடித்தார்கள்.

அந்த வாப்பாவுக்கு இப்போது சொல்கிறோம்: உங்கள் பிள்ளை கேம் மெஷின் மட்டும் செய்யவில்லை. சக்தியை ஒரு மனிதக் கையோடு சேர்க்கும்போது, அந்தக் கை வலித்தால் விட்டுவிடும் வழியையும் சேர்த்தே செய்யப் படிக்கிறான். நாளை அவன் அரிசி ஆலையோ லிஃப்ட்டோ செய்தாலும் இந்தப் பாடம் வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் பெல்ட் மாற்றி வேலை பார்த்த பெரியவர்கள் யாராவது இருந்தால், எந்தச் சமூகத்தவராக இருந்தாலும், எங்களுக்குச் சொல்லுங்கள். ஒரு மாலை வந்து பிள்ளைகளோடு பேசட்டும். அந்த அறிவு அவர்களின் கைகளில் இருக்கிறது. அவர்களோடு போய்விடக் கூடாது.