ஏற்றுக்கூலியும் இறக்குக்கூலியும்: திருவனந்தபுரத்துக்குச் சாமான் வந்த வழிகள்

தொலைதூரத்துக்கு வீடு மாற்றும்போது பீரோ நசுங்குவதும் கண்ணாடி உடைவதும் பெரும்பாலும் ஏற்றி இறக்கும் நேரத்தில்தான். திருவனந்தபுரத்தின் சரக்குப் போக்குவரத்து வரலாறு, இந்த ஏற்றி இறக்கும் தடவைகள் ஒவ்வொன்றாகக் குறைந்த வரலாறு.

முதலில் இருந்தது தலைச்சுமை. தலையில் சும்மாடு வைத்து மூட்டை தூக்கியவர், பிறர் கைகொடுக்காமல் சுமையை இறக்கவோ மறுபடி ஏற்றவோ முடியாது. அதற்காகவே திருவிதாங்கூர் வழிகளில் சுமைதாங்கிக் கற்கள் நின்றன. இரண்டு கல்தூண்களின் மேல் ஒரு கல் குறுக்கே கிடக்கும்; உயரம் ஏறத்தாழ ஆள் உயரம். சுமப்பவர் சற்றே குனிந்து மூட்டையை அதன்மேல் நகர்த்திவிட்டு இளைப்பாறலாம். பிறகு தலையை அடியில் கொடுத்துத் தாமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. திவான் ராஜா கேசவதாஸ் சாலை என்ற கடைவீதியை உருவாக்கினார். வளர்ந்த நகருக்குத் தலைச்சுமையும் மாட்டு வண்டியும் போதவில்லை. ரீஜண்ட் ராணி கௌரி பார்வதிபாய் காலத்தில், 1820களில், நகரின் ஓரத்திலிருந்த வள்ளக்கடவிலிருந்து கடினங்குளம் காயல் வரை பார்வதி புத்தனாறு என்னும் கால்வாய் வெட்டப்பட்டது. வடக்கிலிருந்து காயல் வழியே வந்த வள்ளங்கள் நகரின் ஓரத்தைத் தொட்டன.

இடையில் ஒரு தடை மட்டும் நீங்கவில்லை. வர்க்கலைக் குன்று நீர்வழியை மறித்து நின்றது. குன்றின் ஒரு பக்கம் வள்ளத்திலிருந்து இறக்கிய சரக்கைத் தரைவழியே கொண்டுபோய் மறுபக்கம் வேறு வள்ளத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. திவான் டி. மாதவராவ் காலத்தில், 1867இல், குன்றைக் குடைந்து சுரங்கக் கால்வாய் அமைக்கும் வேலை தொடங்கியது. 924 அடியில் ஒன்றும் 2,364 அடியில் ஒன்றுமாக இரண்டு சுரங்கங்கள் உருவாயின. அதன்பின் வள்ளம் மாற்றாமலே வடக்கிலிருந்து தலைநகர் சேர முடிந்தது.

1904இல் செங்கோட்டை வழியே கொல்லம் வரை வந்த மீட்டர்கேஜ் ரயில், 1918 ஜனவரி 1 அன்று திருவனந்தபுரத்தில் சாக்கையை எட்டியது. சாக்கை வள்ளக்கடவுக்குப் பக்கம். நகரின் நடுவுக்கு அங்கிருந்து வண்டி பிடிக்க வேண்டும். 1931இல் பாதை நகரின் நடுவிலுள்ள தம்பானூருக்கு நீண்டபின் அந்தச் சிரமம் தீர்ந்தது. சென்னை எழும்பூரிலிருந்து செங்கோட்டை வழியே திருவனந்தபுரம் வரை ஒரே அளவுப் பாதையாக இருந்ததால், தமிழகத்துக் குடும்பங்களின் பார்சலுக்கு இடையில் பாதை மாற்றும் தொல்லை அப்போது இருக்கவில்லை. பம்பாயிலிருந்தோ தில்லியிலிருந்தோ அகலப்பாதையில் கொச்சி வழியாக வந்த சரக்குக்கு எர்ணாகுளத்தில் பெட்டி மாற்றம் இருந்தது. 1976இல் எர்ணாகுளம்–திருவனந்தபுரம் பாதை அகலமானதும் அதுவும் ஒழிந்தது.

ரயில் ஸ்டேஷனோடு நின்றுவிடும்; லாரி வாசலுக்கே வரும். தும்பா ராக்கெட் தளமும் (1963) டெக்னோபார்க்கும் (1990) வெளியூர்க் குடும்பங்களை அழைத்து வந்தன. காலப்போக்கில், சாமானைப் பொதிந்து, ஏற்றி, இறக்கி, அடுக்கித் தரும் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் நிறுவனங்கள் அவர்களின் வீடு மாற்றும் வேலையை ஏற்றன. இழப்புக்கு யார் பொறுப்பு என்பதை 1865ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2007ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் வகுக்கிறது.

கடைசி இறக்கம் மட்டும் நெடுங்காலம் தகராறாக இருந்தது. சுமைத்தொழிலாளரின் கூலியையும் நலனையும் காக்க, 1978ஆம் ஆண்டின் கேரளச் சுமைத்தொழிலாளர் சட்டம் வந்தது. கடும் உழைப்புக்கு நிலையான கூலி தந்த அச்சட்டம் தேவையான ஒன்று. ஆனால் நிறுவனத்தின் ஆட்கள் இறக்கும்போது பார்த்து நின்றவர்களும் கேட்ட 'நோக்குகூலி' சட்டத்தில் இல்லாதது. தனிநபர் தம் வீட்டு வேலைக்கு அமர்த்துபவரைச் சட்டம் சுமைத்தொழிலாளராகக் கணக்கிடுவதும் இல்லை. 2018 மே 1 முதல் அரசு நோக்குகூலியைத் தடைசெய்தது; 2021இல் கேரள உயர் நீதிமன்றமும் அதைக் கண்டித்தது. திருவனந்தபுரத்துக்கு வீடு மாற்றுபவர் லாரி வாடகையோடு, இறக்குவது யார், கூலி எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்வது இந்த வரலாற்றின் நேரடிப் பாடம்.