நூற்கும் பெண்களும் சினந்த தெய்வமும்

மாட்ரிட் நகரத்துப் பிராடோ நூதனசாலையிலுள்ள வெலாஸ்கெஸின் 'நூற்கும் பெண்கள்' ஓவியம் 1655க்கும் 1660க்கும் இடைப்பட்ட காலத்ததாகக் கருதப்படுவது. முன்புறத்தில் ஐந்து பெண்கள் நூல்வேலையில் ஈடுபட்டுள்ளனர். பின்னறையில் சீமாட்டிகள் சித்திரத் திரைச்சீலையொன்றின் முன் நிற்கின்றனர். ஆதலின், நெசவுக்கூடமொன்றின் அன்றாடக் காட்சியே இதுவென நெடுங்காலம் கொள்ளப்பட்டது. 1948இல் வெளிக்கொணரப்பட்ட 1664ஆம் ஆண்டுச் சொத்துப்பட்டியல் அக்கருத்தை அசைத்தது. 'அரக்னேயின் கதை' என்றொரு வெலாஸ்கெஸ் ஓவியம் அதிற் குறிக்கப்பட்டிருந்தது.

அரக்னே, சாயக்காரன் ஒருவனின் மகள். அதீனாவையே நெசவுப்போட்டிக்கு அழைத்து, தேவர்களின் வஞ்சகங்களைத் துணியில் நெய்தவள். காளையுருக்கொண்டு சீயுஸ் யூரோப்பாவைக் கவர்ந்தமை அவற்றுள் ஒன்று. குற்றங்காண இயலாத தெய்வம் சினந்து துணியைக் கிழித்தது, நெய்தவளைச் சிலந்தியாக்கியது.

வெலாஸ்கெஸின் ஓவியத்திலோ துணி கிழியவில்லை. அதில் விளங்குவது டிசியன் தீட்டிய யூரோப்பாவின் காட்சி. அன்று ஸ்பானிய மன்னரின் உடைமையாயிருந்த ஓவியம் அது. எளிய குடிப்பெண்ணின் நெசவு, மன்னர் போற்றிய ஓவியக் கலைக்கு நிகராகிறது.

எனவே, இவ்வோவியம் தொன்மமா, தொழிற்கூடமா என்று பிரித்து வினவுதல் பொருந்தாது. தலைக்கவசமணிந்த தெய்வம் பின்னறையிற் சிறிதாகத் தோன்ற, உழைக்கும் கரங்கள் முன்னே பெரிதாக விரிகின்றன. அழிக்கப்பட்ட துணியை ஓவியன் மீள நெய்து தந்துள்ளான்.