இடம் மாறிய எஞ்சின்கள்: கோடியக்கரையிலிருந்து ஒரு குறிப்பு

சென்ற தை மாதத்தில் ஒரு விடியற்காலை, கோடியக்கரைக் குழகர் கோயிலைக் காண நண்பர் ஒருவருடன் புறப்பட்டோம். வேதாரண்யத்தில் பேருந்தைத் தவறவிட்டு நின்றபோது, மீன் ஏற்றி வருவதற்காக வெறுமையாய்ப் போய்க்கொண்டிருந்த பிக்கப் வண்டி ஒன்றில் இடம் கிடைத்தது. ஓட்டுநர் பேச்சுப் பிரியர். வண்டியுடன் வந்த எஞ்சின் வெடிப்பு விட்டுப் போனதாகவும், விபத்தில் நொறுங்கிய வேறொரு வண்டியிலிருந்து டர்போ டீசல் எஞ்சின் ஒன்றை வாங்கிப் பொருத்தி, பதிவுப் புத்தகத்திலும் முறைப்படி ஏற்றிவிட்டதாகவும் பெருமையுடன் சொன்னார். கோடியக்காட்டை நெருங்கும்போது அந்தப் பெருமைக்குச் சோதனை வந்தது. வண்டி இழுக்க மறுத்தது. பின்னால் கரும்புகை திரண்டது.

ஊர்ந்து ஊர்ந்து கடற்கரையை அடைந்தோம். அங்கே படகு எஞ்சின்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எழுந்து வந்தார். ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கண்களை மூடிக் கேட்டார். டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் ரப்பர் குழாயின் வாயில், உப்புக் காற்றில் அரித்துப்போன கிளிப் ஒன்று கழன்றிருந்தது. படகுக்கென்று வைத்திருந்த கிளிப் ஒன்றை எடுத்து முடுக்கினார். புகை அடங்கியது.

"எஞ்சின் மேல தப்பில்ல சார். மாத்துன எஞ்சின்னா சேத்த எடத்தத்தான் மொதல்ல பாக்கணும். கோளாறு அங்கதான் ஒக்காந்திருக்கும்" என்றார்.

குழகரைப் பாடிய சுந்தரர், கடற்காற்று கடுமையாய் மோதும் இக்கரையில் துணையின்றி ஏன் இருக்கிறீர் என்று இறைவனிடமே கேட்டவர். அந்தப் பதிகத்தை நினைத்துச் சென்ற நம்மை, அதே காற்றில் இரும்பு படும் பாடு வேறொரு வரலாற்றின் பக்கம் திருப்பிவிட்டது. ஓரிடத்துக்கென வார்க்கப்பட்டு வேறிடத்தில் வாழ நேர்ந்த எஞ்சின்களின் வரலாறு அது.

வயலிலிருந்து கடலுக்கு

ருடால்ஃப் டீசல் தம் எஞ்சினுக்கு 1892இல் காப்புரிமை கோரினார். 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் அது வெற்றிகரமாக ஓடிக் காட்டியது. பெட்ரோல் எஞ்சினைப்போல் தீப்பொறி இதற்குத் தேவையில்லை. காற்றை இறுக்கினால் எழும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைத்துவிடும். 1905இல் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி மற்றொரு வழி கண்டார். வீணாய்ப் போகும் புகையின் விசையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டில் பூட்டிய இன்னொரு சக்கரத்தால் கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் திணிப்பது. இதுவே டர்போ. 1913 செப்டம்பர் 29 அன்று இரவு, இங்கிலாந்து நோக்கிச் சென்ற டிரெஸ்டன் என்னும் கப்பலிலிருந்து டீசல் காணாமல் போனார். அவரைக் கடல் கொண்டது. அவர் பெயர் தாங்கிய எஞ்சினோ உலகின் கடல்களையெல்லாம் ஆளத் தொடங்கியது.

காவிரிப் படுகையில் டீசல் எஞ்சின் பரவியது கழனி வழியாகத்தான். 1946இல் புனேயை அடுத்த கட்கியில் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் நிறுவனம் தோன்றியது. 1960இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று. ஃபில்டர் பாயிண்ட் கிணறுகள் பெருகின. ஆற்றில் தண்ணீர் வரும்வரை நாற்றங்காலைக் காக்க, எஞ்சினை மாட்டுவண்டியில் ஏற்றி வயலுக்கு வயல் கொண்டுசெல்வது வழக்கமாயிற்று. கோடியக்கரையும் அப்போது தஞ்சை மாவட்டத்தில்தான் இருந்தது. நாகப்பட்டினம் தனி மாவட்டமானது 1991இல்.

கடலின் கதை இதே காலத்தில் வேறொரு முனையில் தொடங்குகிறது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்த ஆண்டுகள் 1950 முதல் 1954 வரை. கோடிக்கரைக் கடலில் பூங்குழலி துடுப்பு வலிப்பதைத் தமிழகம் வாரந்தோறும் படித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான், 1952இல், இந்திய-நார்வே மீன்வளத் திட்டத்துக்கான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. கேரளத்தின் நீண்டகரையில் சிறு மரப்படகுகளில் எஞ்சின் பொருத்தும் பணி தொடங்கியது. துடுப்பின் காலத்தை நாம் கதையில் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, அதன் முடிவு பக்கத்துக் கடற்கரையில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

எனினும் சோழமண்டலக் கரை எளிதில் இசையவில்லை. துறைமுகமற்ற மணற்கரையில், அலை முறியும் இடத்தைத் தாண்டிப் படகை ஏற்றியாக வேண்டும். கீழே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டும் உந்துவிசிறியும் மணலில் இடித்தால் முறிந்துவிடும். 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் கீழ்த் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தது. கரையேறும் படகுகளை வடிவமைத்தது. சிறு டீசல் எஞ்சினை நீர் புகாப் பெட்டிக்குள் வைத்து, தண்டோடும் விசிறியோடும் சேர்த்துத் தூக்கிக்கொள்ளும்படி அமைத்த ஏற்பாடு அதன் குறிப்பிடத்தக்க பங்களிப்பு. நீண்ட தண்டைக் கையாலேயே தூக்கிவிடக்கூடிய லாங் டெயில் எஞ்சின்களும் இக்கரைகளில் இடம்பிடித்தன.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கட்டுமரங்களையும் வள்ளங்களையும் வாரிக்கொண்டு போனது. நிவாரணமாக வந்தவற்றில் பெரும்பாலானவை ஃபைபர் படகுகள். அவற்றோடு எஞ்சின்களும் வந்தன. பாய் விரிக்கத் தெரிந்த ஒரு தலைமுறை, சில ஆண்டுகளுக்குள் நாசில் கழற்றத் தெரிந்த தலைமுறையாக மாற வேண்டியதாயிற்று.

சேர்த்த இடம்

நிலத்து எஞ்சினைக் கடலுக்குக் கொண்டுவந்தால் என்ன நேரும்? நீர் இறைக்கும் எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று என்று ஒரே வேகத்தில், ஒரே சுமையில் ஓடப் பிறந்தது. படகின் சுமை அப்படியன்று. உந்துவிசிறியின் வேகத்தை இரட்டிப்பாக்க ஏறத்தாழ எட்டு மடங்கு திறன் வேண்டும். வேகத்துக்கு ஆசைப்பட்டுப் பெரிய விசிறியைப் பூட்டினால் எஞ்சின் திணறும், கரும்புகை தள்ளும், கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். விசிறி படகை முன்னே தள்ளும் அதே விசை எஞ்சினையும் தள்ளப் பார்க்கும். அதைத் தாங்கத் தனி பேரிங் இல்லாவிட்டால் தண்டு உள்ளிருக்கும் பாகங்களைத் தின்றுவிடும்.

குளிர்விப்பது அடுத்த தொல்லை. காற்றால் குளிரும் சிறு எஞ்சினின் இதழ்களுக்கிடையே உப்புப் படிந்தால் வெப்பம் வெளியேறாது. கடல்நீரை நேரே உள்ளே விட்டாலோ உப்புப் பொருக்குக் கட்டி வழியை அடைக்கும். ஆகவே பெரிய விசைப்படகுகளில் பொருத்தப்படும் லாரி எஞ்சின்களுக்கு, நன்னீரை உள்ளே சுழலவிட்டு அதைக் கடல்நீரால் வெளியிலிருந்து குளிர்விக்கும் ஏற்பாடு உண்டு. வேறுவேறு உலோகங்கள் கடல்நீரில் சேர்ந்திருந்தால் ஒன்று மற்றொன்றை அரிக்கும். அதற்குப் பலியாக ஒரு துத்தநாகத் துண்டை வைப்பார்கள். அது முதலில் அரிபட்டு மற்றவற்றைக் காக்கும்.

கோளாறு அறியும் கலையில் புகைதான் முதல் நூல். கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை, அல்லது சுமை மிகுதி. வெண்புகை என்றால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது எங்கோ நீர் கசிகிறது. நீலப்புகை என்றால் எஞ்சின் 'ஆயில் குடிக்கிறது'. ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் திடீரென நின்றால் முதலில் ஐயுற வேண்டியது 'ஏர் லாக்'. டீசல் குழாயில் புகுந்த காற்றை, திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்தி, நுரையில்லாத டீசல் வரும்வரை வெளியேற்ற வேண்டும். இதை நடுக்கடலில், இருட்டில், ஆடும் படகில், விரல்களின் உணர்வாலேயே செய்து முடிக்கிறார்கள்.

செய்ய முடியாவிட்டால்? கோடியக்கரையிலிருந்து இலங்கைக் கரை 60 கிலோமீட்டருக்கும் குறைவு. 1974 ஒப்பந்தம் பாக் நீரிணையில் வகுத்த எல்லைக் கோடு அதில் ஏறத்தாழ பாதித் தொலைவிலேயே வந்துவிடும். எஞ்சின் நின்ற படகைக் காற்றும் நீரோட்டமும் எங்கே கொண்டுசெல்லும் என்பது அவற்றின் விருப்பம். எல்லைக்கு அப்பால் காத்திருப்பவை கைதும் சிறையும் படகுப் பறிமுதலும். பருவந்தோறும் நாகை, காரைக்கால் பகுதிகளிலிருந்து வந்து இங்கே குடிசையிட்டுத் தங்கி மீன்பிடிக்கும் குடும்பங்களுக்கு, ஒரு துளி நீர் கலந்த டீசல் என்பது சிறிய செய்தியன்று.

மீண்டும் சாலைக்கு

எஞ்சின் மாற்றுவதை ஒழுங்கற்ற பட்டறை வேலை என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் பெரிய தொழிற்சாலைகளே அதைச் செய்தன. 1970களில் மகிந்திரா நிறுவனம் ஜீப்புக்குள் வைத்தது இன்டர்நேஷனல் பி-275 டிராக்டரின் டீசல் எஞ்சினை. 1980களில் அதன் இடத்துக்குப் பிரெஞ்சு நாட்டுப் பெஜோவின் வடிவமைப்பில் அமைந்த எஞ்சின் வந்தது. உழவுக்குப் பிறந்தது சாலையில் ஓடியது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றோடு முரண்படும்படி வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. நம் ஓட்டுநர் பதிவுப் புத்தகத்தைப் பெருமையோடு குறிப்பிட்டதற்கு அதுவே காரணம்.

சட்டம் கேட்பது ஒருமுறை. எஞ்சின் கேட்பதோ நாள்தோறும். டர்போ இல்லாத வண்டிக்குள் டர்போ எஞ்சின் புகுந்தால் பழைய கிளட்ச் கூடுதல் இழுவிசையைத் தாங்காமல் வழுக்கும், பழைய ரேடியேட்டர் கூடுதல் வெப்பத்துக்குப் போதாது, புதிதாய்ப் பற்றவைத்த தாங்கிகள் அதிர்வில் கீறல் விடும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக்கூடியது. அது மிதப்பது எண்ணெய்ப் படலத்தின் மேல். நெடுந்தூரம் சுமையோடு ஓடிவந்ததும் சட்டென்று எஞ்சினை நிறுத்தினால் அந்த எண்ணெய் கருகிவிடும். இரண்டு மூன்று நிமிடங்கள் மெதுவாய் ஓடவிட்டே நிறுத்த வேண்டும். முதியவர் ஓட்டுநரிடம் அழுத்திச் சொன்ன ஒரே அறிவுரை அதுதான்.

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்த கஜா புயலிலும் படகுகளும் எஞ்சின்களும் ஏராளமாய்ச் சிதைந்தன. நீரில் மூழ்கிய எஞ்சினைப் பிரித்து, நன்னீரில் கழுவி, டீசலில் நனைத்து உயிர்ப்பிக்கும் வித்தை அப்போது எத்தனை குடும்பங்களைக் கடனிலிருந்து காத்தது என்று அம்முதியவர் சொல்லக் கேட்டோம். அந்த வித்தை எந்த நூலிலும் இல்லை. இருப்பது அவர் கையிலும் காதிலும். 2020 ஏப்ரல் முதல் நாட்டில் விற்கப்படும் புதிய டீசல் வண்டிகள் பி.எஸ்-6 நெறிக்கு உட்பட்டவை. அவற்றின் நோயைச் சொல்வது பெரும்பாலும் கணினிக் கருவி. புகை குறைந்தது நன்றே. ஆனால் காதால் கேட்டறியும் மருத்துவருக்கு மாணவர்கள் குறைந்து வருகிறார்கள்.

நம் வகுப்பறையில் நெய்தல் திணையின் கருப்பொருள்களைப் பட்டியலிட்டுப் பாடம் சொல்கிறோம். இன்றைய நெய்தலில் டீசலும் நாசிலும் துத்தநாகத் துண்டும் கருப்பொருள்கள்தாமே? 'ஏர் பிடித்தது', 'ஆயில் குடிக்கிறது', 'லோடு இழுக்கவில்லை' என்று ஒரு முழு மருத்துவ மொழியே தமிழில் உருவாகி, எவரும் எழுதிவைக்காமல் ஒரு தலைமுறையோடு போகவிருக்கிறது. வருகிற பருவத்தில் மாணவர் சிலரை ஏட்டோடும் எழுதுகோலோடும் கோடியக்கரைக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறோம். குழகரையும் காண்போம். அந்த முதியவரிடமும் நாலு நாள் அமர்ந்து கேட்போம். உங்கள் ஊர்ப் பட்டறைகளில் வழங்கும் சொற்களையும் வாசகர்கள் குறித்தனுப்பினால் அந்தத் தொகுப்பில் அவற்றைச் சேர்த்துக்கொள்வோம்.