விளம்பரச் செலவுத் தணிக்கை: பிரதிக் கணக்கிலிருந்து பணத்தடம் வரை

முன்னுரை

வாங்கிய எந்திரம் ஆலையில் நிற்கும். சரக்கு கிடங்கில் இருக்கும். விளம்பரம் வெளியான பிறகு நிறுவனத்தின் கையில் எஞ்சுவது பில் மட்டுமே. இச்செலவைத் தணிக்கை செய்பவர் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். கொடுத்த விலைக்குரிய வாசகர்கள் கிடைத்தார்களா? இடையில் யாருக்கு எவ்வளவு போயிற்று? முதல் கேள்விக்கான முறை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நிலைபெற்றுவிட்டது. இரண்டாவது கேள்வியோ பல நாடுகளில் இன்றும் ஒப்பந்த வாசகங்களுக்குள் சிக்கிக் கிடக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பிரதிகளை எண்ணுதல்

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பத்திரிகைகள் தம் விற்பனையைக் கூட்டிச் சொல்வது சர்வசாதாரணம். விளம்பர முகவர் ஜார்ஜ் பி. ரோவெல் 1869இல் வெளியிட்ட பத்திரிகைக் கையேடு, இதழ்வாரியாக விற்பனை மதிப்பீடுகளைத் தந்தது. 1912இல் நாளிதழ்கள் விற்பனை எண்ணிக்கையை அறிவிக்க வேண்டுமெனச் சட்டம் வந்தது. 1914இல் விளம்பரதாரர், முகவர், பதிப்பாளர் ஆகிய முத்தரப்பும் கூடி ஆடிட் பீரோ ஆஃப் சர்க்குலேஷன்ஸ் அமைப்பை நிறுவின. அதே வகை அமைப்பு பிரிட்டனில் 1931இலும் இந்தியாவில் 1948இலும் தோன்றியது.

முகவர் யாருடைய ஆள்?

முகவருக்குக் கமிஷன் தந்தவர் பதிப்பாளர். வேலை சொன்னவர் விளம்பரதாரர். இந்த இரட்டை விசுவாசத்துக்கு மாற்றாக, என்.டபிள்யூ. அயர் நிறுவனம் 1876இல் தன் கமிஷனை விளம்பரதாரருக்கு வெளிப்படையாகச் சொல்லும் ஒப்பந்த முறையைக் கொண்டுவந்தது. பின்னர் 15 விழுக்காடு என்பது தொழிலின் வழக்கமாயிற்று. அதை எல்லாரும் சேர்ந்து கட்டிக்காத்ததை எதிர்த்து அமெரிக்க நீதித்துறை தொடுத்த வழக்கு, 1956இல் சமரசத் தீர்ப்பில் முடிந்தது. கமிஷன் பேரத்துக்குரியதானது. ஆனால் மொத்தமாக இடம் வாங்கும் முகமைகள் வளர, ஊடகங்கள் தந்த தள்ளுபடி யாருக்குச் சேரும் என்ற தகராறு புதிதாக முளைத்தது.

அதற்கு நேரடியாகப் பதில் சொன்னது பிரான்சின் 1993ஆம் ஆண்டு சப்பேன் சட்டம். எழுத்துப்பூர்வ அதிகாரம் பெற்று, விளம்பரதாரரின் கணக்கில் மட்டுமே முகவர் இடம் வாங்கலாம். தள்ளுபடி பில்லிலேயே தெரிய வேண்டும். விற்பவரிடமிருந்து முகவர் எந்தத் தொகையும் பெறக் கூடாது.

அமெரிக்காவில் அத்தகைய சட்டம் இல்லை. விளம்பரதாரர் சங்கத்துக்காக கே2 நிறுவனம் 2016இல் அளித்த அறிக்கை, ஊடகங்கள் முகமைகளுக்குத் தந்த ரகசியத் தள்ளுபடிகள் பரவலாக இருந்ததாகக் கூறியது. தணிக்கை உரிமை பெரும்பாலும் முகமையோடு நின்றது. தாய்க் குழுமத்தின் கணக்கேடுகள் அதற்கு எட்டவில்லை.

இணையச் சந்தை

இணையத்தில் விளம்பர இடம் விற்கும் தானியங்கி ஏலத்தில் இடைத்தரகர்கள் பெருகினர். பிரிட்டன் விளம்பரதாரர் சங்கத்துக்காகத் தணிக்கை நிறுவனமான பிடபிள்யூசி 2020இல் வெளியிட்ட ஆய்வில் 15 விளம்பரதாரர்கள் பங்கேற்றனர். 26.7 கோடி விளம்பரக் காட்சிகளில் முதலிலிருந்து கடைசிவரை பொருத்திப் பார்க்க முடிந்தவை 3.1 கோடி மட்டுமே. அவற்றிலும் பதிப்பாளருக்குப் போய்ச் சேர்ந்தது செலவில் 51 விழுக்காடு. 15 விழுக்காடு யாரிடம் போனதென்றே தெரியவில்லை. 2023இல் வெளியான அடுத்த ஆய்வில் அந்தத் துண்டு 3 விழுக்காடாகக் குறைந்தது.

முடிவுரை

பிரதிகளை எண்ணுவதில் மூன்று தரப்புக்கும் ஆதாயம் இருந்தது. ஆகவே தணிக்கை எளிதில் வேரூன்றியது. பணத்தடத்தைக் காட்டினால் இடைத்தரகருக்கு இழப்பு. அங்கே தொழிலின் நல்லெண்ணத்தை நம்பிப் பயனில்லை. எந்தக் கணக்கேட்டைத் திறந்து பார்க்கலாம் என்பதைச் சட்டமோ ஒப்பந்தமோ பெயர் சொல்லி எழுதியிருந்தால்தான் தணிக்கையாளரால் அதை நெருங்க முடியும்.