சூப்பர்சார்ஜரும் நம்ம ஆவடியும்

பழைய காருக்கு வீட்டிலேயே சூப்பர்சார்ஜர் பொருத்தலாமா என்று கள்ளிக்குப்பத்துத் தம்பிகள் கேட்கிறார்கள். பதில் பக்கத்து ஆவடியில் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் சோவியத் டி-34 டாங்கியை ஓட்டியது வி-2 டீசல் எஞ்சின். 12 சிலிண்டர், 500 குதிரைத்திறன். அதன் வாரிசான வி-46, ஏறக்குறைய அதே 38.8 லிட்டர் கொள்ளளவில் 780 குதிரைத்திறன் தந்தது. பல்சக்கரத்தால் சுழன்று, சிலிண்டருக்குள் காற்றைத் திணித்த சூப்பர்சார்ஜர்தான் முக்கியக் காரணம். டி-72 டாங்கிக்கான அந்த எஞ்சின், 1987இல் தொடங்கிய ஆவடி எஞ்சின் தொழிற்சாலையில் உருவானது.

காற்று கூடினால் எரிபொருளும் கூட வேண்டும். பிஸ்டன் தாங்க வேண்டும். சூடு தணிய வேண்டும். வி-2விலிருந்து டி-72 வர முப்பது ஆண்டுக்கு மேல் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியுமா?

தம்பிகளே, ஆவடியில் வேலை பார்த்த தாத்தா தெருவில் இருந்தால், ஸ்பேனரைத் தொடுமுன் அவரிடம் போய் உட்காருங்கள்.